வெள்ளிக்கிழமைக் கீரை

பெட்ரோல் வரிசைகள் ஊரைச் சுற்றி வளைத்துக் கிடந்த அந்த வருடம், அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு கொடுத்தார்கள். வந்து போக வாகனம் இல்லை, வீட்டிலிருந்து மரக்கறி பயிரிடுங்கள் என்றார்கள். நான் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். அதுவரை ஒரு மிளகாய்ச் செடிகூட நட்டதில்லை. அப்பாவின் புடவைக் கடைக்கு மேல்மாடியில் பிறந்து வளர்ந்தவள் நான். மரக்கறி என்றால் எனக்குச் சந்தையில் குவித்து வைத்திருக்கும் ஒன்று, அவ்வளவுதான்.

எங்கள் வீடு அம்பிட்டிய வீதியிலிருந்து மேலே ஏறும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். பழைய ஓடுகளும் உடைந்த பிளாஸ்டிக் வாளிகளும் கிடந்த இடம். அதைக் கொத்திப் பாத்தி கட்டியது என் கணவர். அவர் கணித ஆசிரியர். பத்து வயது வரை ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்தவர் என்பதால், விவசாயம் தெரியும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. எனக்கும் அவர்மேல் அந்த நம்பிக்கை இருந்தது.

உரம் எங்கும் கிடைக்கவில்லை. மாடு வளர்க்கும் ஒருவரிடம் அவர் இரண்டு சாக்குச் சாணி வாங்கி வந்தார். போஞ்சி, கத்தரி, வெண்டி, வல்லாரை என்று நட்டோம். எட்டு வயது மகள் மூடியில் துளை போட்ட பெரிய சோடாப் போத்தலால் தண்ணீர் ஊற்றினாள். அது தன் வேலை என்று எழுதி அடுப்படிக் கதவில் ஒட்டியும் வைத்தாள்.

நாங்கள் நடாத செடிகளும் முளைத்தன. ஒருநாள் வல்லாரைப் பாத்தியின் ஓரத்தில் நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவர் தடுத்தார்.

"அதைப் புடுங்கிறாத. மணத்தக்காளி. லயத்துக்குப் பின்னாடி தானா மொளைக்கும். அம்மா தேங்காப்பூ போட்டுச் செய்வாங்க. வயித்துப் புண்ணுக்கு அவ்வளவு நல்லது."

அது மணத்தக்காளிதான். அதில் எந்தப் பிழையும் இல்லை. வெள்ளைச் சிறு பூவும் கறுப்பு மணிகளும் பின்னால் நானே பார்த்தேன். ஆனால் அதற்கு அடுத்த வாரங்களில், சாணி போட்ட இடங்களில் எல்லாம் அதே மாதிரி இலையோடு வேறு கன்றுகளும் கிளம்பின. கொஞ்சம் பெரிய இலை. விளிம்பில் கொஞ்சம் கூடுதலாக வளைவு. சாணி போட்டதால் செழிப்பாக வருகிறது என்று நினைத்தேன். மற்றக் களைகளையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு அவற்றுக்கு இடம் விட்டேன். மகள் அவற்றுக்கும் தண்ணீர் ஊற்றினாள். அதை இன்றைக்கு எழுதும்போதும் கை கூசுகிறது.

அந்த வியாழக்கிழமை மாலை நான் இரண்டு பிடி கீரை கிள்ளினேன். ஒரு பிடியைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் கொடுத்தேன். அன்ரி யாழ்ப்பாணத்தவர், காணிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் வெளிநாட்டில், தனியாக இருந்தார். என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் விளைவித்த ஒன்றை இன்னொருவர் கையில் கொடுத்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலையில் மற்றப் பிடியைக் கழுவி, மெல்லிசாக அரிந்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்துச் சுண்டல் செய்தேன். அரிந்த பிறகு எல்லா இலையும் ஒரே பச்சைதான். அந்த வாரம் பள்ளிக்கூடங்களும் மூடியிருந்தன. கணவரின் மோட்டார் சைக்கிள் புதன்கிழமையிலிருந்து பெட்ரோல் செட் வரிசையில் நின்றது. இரவில் மட்டும் வீட்டுக்கு நடந்து வருவார். அன்று விடியற்காலையில் அவருக்குச் சோறு, பருப்பு, கீரைச் சுண்டல் வைத்துப் பார்சல் கட்டிக் கொடுத்தேன்.

"மத்தியானம் கெட்டுப் போகுமுன்னாடி சாப்பிட்டுருங்க" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு மகளும் நானும் சாப்பிட்டோம். கீரை என்றாலே தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுபவள் அன்று ஒதுக்கவில்லை. தான் தண்ணீர் ஊற்றிய கீரை என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள்.

"கொஞ்சம் கசக்குது. ஆனா நல்லாருக்கு. இன்னும் போடுங்கம்மா."

இரண்டாம் தரமும் வைத்தேன். மணத்தக்காளிக்கு ஒரு கசப்பு உண்டுதானே. நான் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டேன். மிச்சத்தை இரவுக்கு மூடி வைத்தேன்.

சாப்பிட்டு அரை மணி நேரம் இருக்கும். மின்சாரம் போய்விட்டது. அந்த நாட்களில் அது வழக்கம். மகள் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். உடனே இன்னொரு கிளாஸ் கேட்டாள். அதையும் குடித்துவிட்டு, "வாய்க்குள்ள பஞ்சு இருக்கும்மா" என்றாள். முகம் சிவந்திருந்தது. காலையில் வெயிலில் நின்றதால் என்று நினைத்துப் பாயில் படுக்க வைத்தேன். நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. ஆனால் ஒரு சொட்டு வியர்வை இல்லை. தோல் காகிதம் போல் உலர்ந்து கிடந்தது.

டெங்கு என்றுதான் முதலில் பயந்தேன். எங்கள் ஒழுங்கையில் அந்த மாதம் இரண்டு பேருக்கு வந்திருந்தது. காய்ச்சல் பார்க்கும் கருவியை அலுமாரியிலிருந்து எடுத்து அவள் கக்கத்தில் வைத்தேன். அது கீச்சென்றது. எடுத்துப் பார்த்தேன். இலக்கங்கள் தெரியவில்லை. மின்சாரம் இல்லாத இருட்டு என்று ஜன்னலடிக்குப் போனேன். அங்கேயும் தெரியவில்லை. கையைத் தூரமாக நீட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறப் புகை மாதிரி ஏதோ அசைந்தது. என் இதயம் அடித்த அடி காதில் கேட்டது. பயத்தில்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது மகள் உட்கார்ந்திருந்தாள். தன் சட்டையிலிருந்து இல்லாத நூல்களை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு கவனமாகச் செய்தாள்.

"என்னம்மா செய்யிறீங்க?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்மணி முழுவதும் கறுப்பு. பழுப்பு நிறம் ஒரு கோடாகக்கூட மிஞ்சவில்லை.

"டீச்சர், இவங்கள வெளிய போகச் சொல்லுங்க" என்றாள்.

"யாரை?"

"சுவத்துல நிக்கிறாங்களே. இவ்வளவு பேர்."

சுவரில் யாரும் இல்லை. நான் அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவள் கையையும் காலையும் அடித்துக்கொண்டு என்னிடமிருந்து விடுபடப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அது அவள் சிரிப்பு இல்லை. நான் பெற்ற பிள்ளையை எனக்குத் தெரியாத யாரோ உள்ளிருந்து ஆட்டுவது போல் இருந்தது. மூளைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது என்று நினைத்தேன். சாகப் போகிறாள் என்று நினைத்தேன். அந்தச் சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னேனா என்பது எனக்குத் தெரியாது.

போனை எடுத்தேன். கணவருக்குப் பேச வேண்டும். திரையில் பெயர்கள் இல்லை, வெறும் வெளிச்சம். எத்தனையோ தரம் விரலால் அழுத்தினேன். யாரோ ஒரு சிங்கள ஆண் குரல் "ஹலோ, ஹலோ" என்றது. பேச வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தேன், விழுங்க முடியவில்லை, கழுத்து வழியே வழிந்தது.

அப்போது முன் அறைக் கதிரையில் என் கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். அவருடைய நீலக் கோடு போட்ட சட்டை. காது மடல்கூடத் தெரிந்தது.

"என்னங்க, புள்ளையப் பாருங்க" என்றேன்.

அவர் திரும்பவில்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்டேன். கை கதிரையின் சாய்மானத்தில் பட்டது. அங்கே யாரும் இல்லை.

அந்த நொடியில் வந்த பயத்தை இன்றுவரை வேறு எந்தப் பயத்தோடும் ஒப்பிட முடியவில்லை. பிள்ளைக்கு நோய் என்றால் நான் இருக்கிறேன். எனக்கும் மூளை குழம்பினால் அந்த வீட்டில் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? வாசல் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய்த் திறந்தேன். யாராவது பார்க்கட்டும் என்று. பிறகு மகளிடம் வந்து, அவள் ஓடிவிடாமல் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாசலில் அன்ரி நின்றார். கையில் நான் கொடுத்த கீரைப் பிடி.

அன்ரி வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் வந்து பிந்தித்தான் சமைப்பார். கீரையை இலை இலையாக ஆய்ந்திருக்கிறார்.

"பிள்ளை, இதுக்குள்ள வேற இலை கிடக்கு. ஊமத்தை. மணந்து பார்த்தனான், ஊமத்தைதான். நீங்கள் இன்னும் சமைக்கேல்லைத்தானே?"

கணவரைப் போல இவரும் இல்லாத ஆளோ என்று பயந்தேன். கையை நீட்டி அவர் சேலையைப் பிடித்துப் பார்த்தேன். துணி கையில் நின்றது. அவர் குனிந்து என் முகத்தையும் மகளின் முகத்தையும் பார்த்தார். கீரை அவர் கையிலிருந்து விழுந்தது.

"ஐயோ, சாப்பிட்டுட்டீங்களா? எவ்வளவு சாப்பிட்டவள்?"

இரண்டு விரலைக் காட்டினேன். இரண்டு தரம்.

"எப்ப?"

"பன்னெண்டு" என்றேன். அது சொல்லாக வந்ததா தெரியாது. அன்ரிக்கு விளங்கியது.

அவர் அம்புலன்ஸுக்குப் பேசினார். வரும், ஆனால் நேரம் ஆகும், கிட்ட வண்டி இல்லை என்றார்களாம். அவர் போனை வைத்துவிட்டு, அந்த வயதில், ஒழுங்கைப் படிகளில் ஓடினார். கீழே முச்சந்தியில் ஆட்டோ ஓட்டும் ஒரு முஸ்லிம் இளைஞரின் வீடு. இரண்டு வாரமாக அவர் ஆட்டோ உறை போட்டு மூடிக் கிடந்தது. அதில் ஒரே ஒரு ஓட்டத்துக்குப் பெட்ரோல் வைத்திருந்தார். அவர் மனைவிக்குப் பிரசவ மாதம். எந்த நேரமும் வலி வரலாம் என்று அதைத் தொடாமல் வைத்திருந்தார். அன்ரி சொன்னதும் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தாராம். நிறைவயிற்றோடு கதவில் நின்ற அந்தப் பெண், "போங்கொ, எனக்கு இன்னம் நாள் கெடக்கு, அது பச்சப் புள்ள" என்று சொல்லித் தானே உறையை இழுத்து எறிந்தாளாம். இதெல்லாம் பிறகு அன்ரி சொல்லி நான் அறிந்தது.

மகளை அந்த இளைஞர்தான் தூக்கிக்கொண்டு இறங்கினார். அவள் அவர் முகத்தில் கீறினாள். என்னை அன்ரி பிடித்துக்கொண்டார். படிகள் ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில் மிதந்தன.

"ஏறுங்க தாத்தா, பயப்பட வாணாம்" என்றார். அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அப்போது அவர் யாரோ ஒரு கிழவரை ஏறச் சொல்கிறார் என்று நினைத்து நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

ஆட்டோ புறப்பட்ட பிறகுதான் எனக்குப் பார்சல் நினைவு வந்தது.

அன்ரியின் கையைப் பிடித்து உலுக்கினேன். "அவருக்கும் கட்டிக் குடுத்தேன். சோறு. கீரை." திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்ரி அவருக்குப் போன் எடுத்தார். அணைந்திருந்தது. மின்வெட்டில் யாருடைய போனில் அப்போது சார்ஜ் இருந்தது?

"ஒங்கட மனுசன் எந்த செட்ல நிக்கிறாரு?" என்று ஓட்டுபவர் கேட்டார்.

அன்ரி சொன்னார்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழிதான். நிப்பாட்டுறல்ல, கத்திக்கிட்டே போறன்."

வீதியில் வாகனமே இல்லை. பட்டப்பகலில் குளத்தைச் சுற்றிய வீதி வெறுமையாகக் கிடந்தது. குளத்துத் தண்ணீர் வீதிக்கு ஏறி வருவது போல் எனக்குத் தெரிந்தது. அதைப் பார்க்காமல் இருக்க மகளின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் இடைவிடாமல் பேசிக்கொண்டே வந்தாள். பாதி தமிழ், பாதி எந்த மொழியும் இல்லை.

பிறகு வரிசை வந்தது. மோட்டார் சைக்கிள்கள், மோட்டார் சைக்கிள்கள், முடிவில்லாமல். நின்றவர்களும் குந்தியிருந்தவர்களும் குடை பிடித்தவர்களும். என் கண்ணுக்கு எல்லோருக்கும் ஒரே முகம். அவரைத் தேட என்னிடம் கண் இல்லை. ஆட்டோவை ஊர விட்டுக்கொண்டு அந்த இளைஞர் தலையை வெளியே நீட்டித் தமிழிலும் சிங்களத்திலும் கத்தினார்.

"அம்பிட்டிய கணக்கு சேர்! சேர்! சாப்பாட்டுப் பார்சலைத் திங்க வாணாம்! நஞ்சு! திங்க வாணாம்!"

சிலர் சிரித்தார்கள். புருஷன் பெண்சாதி சண்டை என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் ஏதோ பகிடி சொன்னார். அன்ரி எட்டிப் பார்த்து, சிங்களத்தில், "பிள்ளை சாகக் கிடக்கிறது" என்று கத்தினார். சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு வரிசையே அதைக் கடத்தியது. ஆள் விட்டு ஆள், முன்னே முன்னே, "கணக்கு சேர், கணக்கு சேர்" என்று எங்களுக்கு முன்னால் ஓடியது அந்தச் சத்தம்.

கணவர் செட்டுக்குக் கிட்டத்தில் நின்றிருக்கிறார். ஓடி வந்தார். ஆட்டோ நிற்குமுன்பே கம்பியைப் பிடித்து ஏறினார். கையில் பார்சல். நூல் அவிழாமல் இருந்தது. ஒரு மணிக்குப் பெட்ரோல் பவுசர் வந்து வரிசை நகர்ந்ததால் வண்டியைத் தள்ளுவதிலேயே சாப்பாட்டை மறந்திருக்கிறார். நான் அதைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டேன். தூக்கி எறிய வேண்டும் என்று தோன்றியது. வீதியில் எறிந்தால் யாராவது எடுத்துச் சாப்பிடுவார்கள் என்ற பயத்தில் எறியவில்லை.

அவருக்கு முன்னால் ஏழோ எட்டோ வண்டிகள்தான் மிச்சம் இருந்தன. அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மகளை வாங்கி மடியில் வைத்தார். அவள் அவரைப் பார்த்து, "இது யாரு?" என்று என்னிடம் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் பெண் டாக்டர் என்ன சாப்பிட்டது என்று சிங்களத்தில் கேட்டார். முப்பது வருடம் கண்டியில் அரசாங்க வேலை செய்த அன்ரி சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னார். நான் பார்சலை நீட்டினேன். டாக்டர் அதை அங்கேயே அவிழ்த்து, கீரையைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார். பிறகு மகளின் கண்ணில் வெளிச்சம் அடித்தார். கண்மணி சுருங்கவில்லை. அதைப் பார்த்தபோது அந்தப் பெண்ணின் முகத்திலும் ஒரு மாற்றம் வந்தது. டாக்டரே பயந்தால் நான் என்ன செய்வேன்?

மகளைச் சிறுவர் வாட்டுக்குக் கொண்டு போனார்கள். என்னைப் பெண்கள் வாட்டில் படுக்க வைத்தார்கள். நான் படுக்க மாட்டேன் என்று எழுந்து எழுந்து ஓடினேனாம். கரித்தூள் கரைத்த கறுப்பு மருந்தைக் குடிக்கத் தந்தார்கள். "புள்ள இருக்காளா?" என்று கேட்டேன். கணவர் "இருக்கா" என்றார். அவர் இரண்டு வாட்டுகளுக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு தரம் வரும்போதும் நான் அதையே கேட்டேனாம். அவர் சொன்ன பதில் என்னிடம் தங்கவில்லை. ஒவ்வொரு தரமும் முதல் தரம் போலவே பயந்தேன்.

அந்த இரவைப் பற்றி என்னிடம் எதுவும் இல்லை. மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சமும், காலடியில் அவர் உட்கார்ந்திருந்ததும்தான் அடுத்த நினைவு. இந்தத் தரம் நான் தோளைத் தொட்டேன். தோள் இருந்தது.

"புள்ள?"

"சிறுநீர் போகல, குழாய் போட்டாங்க. கையக் கட்டி வச்சுத்தான் சேலைன் ஏத்துனாங்க. விடியப்புறம் தூங்கிட்டா. காய்ச்சல் எறங்கிருச்சு." என் போர்வையை இழுத்து விட்டார். "நான்தானே புடுங்காதன்னு சொன்னேன்" என்றார்.

"நீங்க காட்டுனது நல்ல கீரைதான். நான்தானே அரிஞ்சேன்" என்றேன்.

அந்தப் பேச்சு எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

மத்தியானம் என்னை அவளிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. மணிக்கட்டில் கட்டிய தடம். என்னைப் பார்த்து "அம்மா" என்றாள். டீச்சர் என்று சொல்லவில்லை.

"எனக்கு ஏன் ஊசி போட்டிருக்காங்க?"

அவளுக்கு எதுவும் நினைவில்லை. சுவரில் நின்றவர்கள், வீதி, ஆட்டோ, எதுவும் இல்லை. சோறு சாப்பிட்டது நினைவிருந்தது. நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, அவளிடம் சொல்லக்கூடிய ஒரு பதிலைத் தேடினேன்.

நான்கு நாட்கள் அவளால் புத்தகம் படிக்க முடியவில்லை. எழுத்து ஓடுது என்றாள். கண் போய்விட்டதோ என்று அந்த நான்கு நாளும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். ஐந்தாம் நாள் பிஸ்கட் பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்த அன்றே கணவர் தோட்டத்தில் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கினார். போஞ்சிக் கொடியில் பிஞ்சு தொங்கியது. அதையும் பிடுங்கினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஊமத்தைக் கன்றுகள் பதினொன்று இருந்தன. ஒன்றில் வெள்ளைப் பூ குழலாக விரிந்திருந்தது. அதைப் பார்த்திருந்தால் எங்களுக்கே தெரிந்திருக்கும். நாங்கள் சாப்பிட்டு ஒரு வாரம் கழித்துத்தான் அது பூத்தது.

மோட்டார் சைக்கிளை வரிசையில் நின்றவர்கள் விட்டுவிடவில்லை. யாரோ தள்ளிப் போய், யாரோ பெட்ரோல் அடித்து, ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவருமுன் அவர் முச்சந்தியில் நிறுத்தி, டாங்கியிலிருந்து குழாய் போட்டு அந்த ஆட்டோவுக்கு முழுவதையும் இறக்கிக் கொடுத்தார். எங்களை ஏற்றிப் போய் ஒன்பது நாள் கழித்து அந்தப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பெட்ரோல் போய்ச் சேரும்வரை, அவளுக்கு வலி எடுத்தால் என்ன செய்வார்கள் என்று நான் பயந்துகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது.

ஆபத்து போன பிறகுதான் பயம் என் வீட்டில் குடியேறியது. மூன்று மாதம் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு தவிர வேறு சமைக்கவில்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் மகளின் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். அவள் முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு எரிச்சல்பட்டாள். ஒருநாள் அவள் பள்ளிக்கூடத்தில் அடிக்கடி தண்ணீர் குடித்தாள் என்று கேள்விப்பட்டு, கந்தோரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் ஓடினேன். அன்று விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் குடித்திருக்கிறார்கள்.

அவள் இந்தக் கதையைத் தன் சிநேகிதிகளுக்குச் சொல்வாள். அப்பாவை ரோட்டில் "கணக்கு சேர்" என்று கூப்பிட்ட இடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

வெள்ளிக்கிழமை லீவு கொஞ்ச காலத்தில் நின்றுவிட்டது. தோட்டத்தில் புல் மண்டியது. ஒரு வருடம் போனபின் கணவர் மெல்லப் போஞ்சி நட்டார். பிறகு கத்தரி. காய் என்றால் காய், அதன் உருவம் மாறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவற்றைச் சமைக்கத் தொடங்கினேன். வல்லாரையை அவர் ஒரு தனிப் பாத்தியில், சுற்றிவரக் கல் அடுக்கி வைத்தார். அதை நான் ஒருநாளும் பறித்ததில்லை.

போன மாதம் கந்தோர் விட்டு வந்தபோது வீட்டில் தேங்காய் துருவிய வாசனை அடித்தது. மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. சோறு வடித்து, பருப்பு வைத்து, ஒரு கோப்பையில் சுண்டலும் செய்து மேசையில் வைத்திருந்தாள். பச்சைப் பசேல் என்று, பொடியாக அரிந்து.

"வல்லாரை. நம்ம தோட்டத்துல பறிச்சேன். உங்களுக்காகத்தான் சாப்பிடாம இருக்கேன்."

கதிரையைப் பிடித்துக்கொண்டேன். திட்டியிருப்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை. இரண்டு விரலிலும் அரிவாள்மணை வெட்டிய சின்னக் காயங்கள். பழகாத கை.

"தண்டெல்லாம் எங்க போட்டீங்க?" என்று கேட்டேன்.

"குப்பைக் குழியில."

பின்பக்கம் போனேன். குழியைக் குந்தியிருந்து கிளறினேன். தேங்காய்த் தும்பு, முட்டைக்கோது, அவற்றுக்கு மேலே அவள் எறிந்த தண்டுகள். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வட்ட இலை, மெல்லிய நீளத் தண்டு. எல்லாம் வல்லாரை. இருந்தும் கடைசித் தண்டு வரை பார்த்தேன். நிமிர்ந்தபோது அவள் அடுப்படி வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோபிக்கவில்லை.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"இப்ப சாப்பிடலாமா?"

கை கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அவள் என் தட்டில் வைத்தாள். அவளுக்கு முன்னால் நான் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டேன்.

"உப்பு சரியா?"

"கொஞ்சம் குறைவு" என்றேன். அவள் எழுந்து உப்புப் போத்தலை எடுத்து வந்தாள்.